பதினொரு மணித் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை தோறும் காலை பதினொன்றுக்கு
க்ளைபேடாவிலிருந்து ஒரு கார் வரும்.
ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு கையெழுத்து,
திரும்பும் வழியில் புகைபோட்ட பிரீம் மீன் அரைக் கிலோ.
அந்தப் பதினொரு மணித் தண்ணீரைத்தான்
இத்தனை வருடமாகக் குர்ஷியக் காயல் என்று
எழுதி வைத்திருக்கிறோம்.
காரில் வருகிறவள் நான்தான்.

இந்த ஆகஸ்டில் ஒரே ஒரு நாள்
போகாமல் இருந்து பார்த்தேன்.
பிரெய்லாவின் மரப்பாலத்து நுனியில் மடக்கு நாற்காலி,
பிளாஸ்கில் காபி, கயிற்றில் கட்டிய மீட்டர்.

பிற்பகல் நான்கு.
காற்றில்லை. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த பச்சை.
வயல்களின் உரத்தை வழியெல்லாம் குடித்துவந்து
நேமுனாஸ் ஆறு இங்கே கொப்பளித்ததில்
பாசிக்கு நல்ல கொழுப்பு.
வெயிலைத் தின்று தின்று ஆக்சிஜனாய் ஏப்பம் விடுகிறது.
பதினைந்து புள்ளி இரண்டு.
மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்,
பதினைந்து புள்ளி இரண்டேதான்.
பி.எச். ஒன்பதரையைத் தாண்டிவிட்டது.

ரிம்கௌதாஸ் பாலத்துக் காலில் கூண்டைக் கட்டினான்.
பதினெட்டு விலாங்கு, சனிக்கிழமைச் சந்தைக்கு.
"எப்படி இருக்கிறது தண்ணீர்?"
"நீயும் நானும் குடிக்க முடியாது.
மீனுக்கு அமிர்தம்."
சொன்னவளும் நான்தான்.

வெயில் போன பிறகுதான் தெரிகிறது,
பகலெல்லாம் அள்ளிக் கொடுத்த கை
கணக்கு வைத்துக்கொண்டே கொடுத்திருக்கிறது.
இருட்டில் பாசியும் மூச்சு விட்டாக வேண்டும்.
அடிச்சேற்றில், செத்த பாசியைத் தின்று பிழைக்கிறவையும்
விட்டாக வேண்டும்.
பத்து மணிக்கு ஒன்பது.
பன்னிரண்டுக்கு ஐந்தரை.
பிறகு, மணியும் இரண்டு அளவும் இரண்டு என்று
ஒன்றை ஒன்று உற்றுப் பார்த்துக்கொண்ட நேரம்.

அப்போதே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்.
மூன்றாவது வீடு, நீலச் சன்னல்.
தூங்கட்டும், காற்று வரும் என்று நினைத்தேன்.
மணல்மேட்டுக்கு அந்தப்புறம், நடக்கிற தூரத்தில்,
பால்டிக் கடல் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.
சத்தம் மட்டும்தான் வந்தது.

நான்கு மணிக்கு, புள்ளி ஒன்பது.
சின்ன மீன்கள் மேலே வந்து
தண்ணீரின் தோலில் வாய் வைத்து
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச்
சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.
டார்ச்சை அணைத்தேன்.
பிறகு ஓடினேன்.

உள்ளாடையும் ரப்பர் பூட்ஸுமாக வந்தான்.
ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.
ஈரச் சாக்கில், பலகையின் மேல், வெறும் காற்றில்
பதின்மூன்று விலாங்குகள் மெல்ல நெளிந்தன.
தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து
மீனைக் காப்பாற்றியது அன்றுதான்.
ஐந்து நெளியவில்லை.

விடியல் என்ற சொல்லுக்கு
எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் நல்ல அர்த்தம்தான்.
இங்கே அதுதான் நாளின் அடிமட்டம்.
காயலின் மேல் வானம் ரோஜா நிறமாக,
படமெடுக்க வந்த ஜெர்மன் தம்பதி
எவ்வளவு அமைதி என்றார்கள்.
மீட்டரில் புள்ளி ஆறு.

அப்புறம் வழக்கம்போல வெயில் வந்தது.
ஒன்றரை. நான்கு.
பதினொன்றுக்கு எட்டரை:
சட்டப்படி நல்ல நீர், கையெழுத்துப் போடலாம்.
செத்த ஐந்தையும் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டே
"எந்த மணியை எழுதப் போகிறாய், ஜிவிலே?" என்றான்,
கோபமில்லாமல். கோபப்பட்டிருக்கலாம்.

படிவத்தில் கட்டம் ஒன்றுதான்.
அதற்குள் பொடி எழுத்தில்
எல்லா எண்களையும் நெருக்கி நெருக்கி எழுதினேன்.
ஒன்றின் மேல் ஒன்று ஏறி,
மை கசிந்து,
கடைசியில் அந்தக் கட்டத்தைப் பார்த்தால்
அடி தெரியவில்லை.